செங்கழுத்தி வாங்கிய ஐந்து குஞ்சுகள்

காட்டோரத்தில் ஒரு குட்டை. குட்டைக்கரையில் ஓர் இலந்தைப் புதர். அந்தப் புதருக்குள் இரண்டு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் குடியிருந்தன.

மூன்றும் ஊர்க்கோழிகள்தாம். ஆடி மாதக் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டு, காலைக் கட்டிக் கூடையில் போட்டுக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். வழியில் கூடை உருண்டது. கட்டு அவிழ்ந்தது. மூன்றும் பிடித்த ஓட்டத்தில் காட்டுக்குள் வந்துதான் மூச்சு விட்டன. குழம்பில் கொதிக்க வேண்டிய கறி காலாற நடந்து போய்விட்டதே என்று ஊரில் நாலு நாள் பேசிக்கொண்டார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

சேவலின் பெயர் வெள்ளைவாலன். கூவுவதில் சூரன். மற்ற வேலைகளில் அப்படிச் சொல்ல முடியாது. பெட்டைகளில் ஒன்று கொண்டைச்சி. இன்னொன்று செங்கழுத்தி. இந்தக் கதை செங்கழுத்தியின் கதை.

"மூணே பேரை வச்சுக்கிட்டு இதை ஒரு கூட்டம்னு சொல்ல முடியுமா? ஆளுக்கு ஒரு அடை வையுங்க. குஞ்சு பெருகட்டும்!" என்றது வெள்ளைவாலன். சொல்லிவிட்டு மேயப் போய்விட்டது.

செங்கழுத்திக்கும் அந்த ஆசை உண்டு. பின்னால் வரிசையாகக் குஞ்சுகள் வர, குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஒரு குரல் கொடுத்தால் அத்தனையும் ஓடி வந்து தன் இறக்கைக்குள் புகுந்துகொள்ள வேண்டும். கண்ணை மூடினால் அதற்கு இந்தக் காட்சிதான் வரும். பதினொரு முட்டை இட்டு, குழி பறித்து, சருகு பரப்பி, அடையில் உட்கார்ந்தது. ஒற்றைப்படையில்தான் அடை வைக்க வேண்டும் என்பது அவை ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம்.

உட்கார்ந்தது என்று சொல்லிவிட்டேன். அதுதான் இல்லை!

செங்கழுத்திக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. இலை அசைந்தால் எழுந்தது. தவளை குதித்தால் எழுந்தது. எதுவுமே அசையாவிட்டால், ஏன் எதுவும் அசையவில்லை என்று எழுந்து பார்த்தது. பக்கத்துக் குழியில் கொண்டைச்சி ஒன்பது முட்டைகளின் மேல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் செங்கழுத்திக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"மதினி! அவரு அங்கே எதையோ கிளறுறாரு. என்னவா இருக்கும்?"

"மண்ணா இருக்கும். நீ உட்காரு!"

"கரையான் புத்தா இருந்தா?"

"இருந்தா அவரு தின்னுட்டுப் போறாரு. நீ உட்காருடி!"

"எனக்குக் கால் மரத்துப் போச்சு மதினி."

"அடை காக்கிறவளுக்குக் கால் எதுக்கு? வயித்தை வச்சு உட்காரு. முட்டை ஆறிப் போகுது பாரு!"

செங்கழுத்தி உட்கார்ந்தது. நாலு மூச்சு விடுவதற்குள் கழுத்தை நீட்டியது. "அது சரி, நீ என்ன மதினி நாள் முழுக்கக் கொர் கொர்னு முனகிக்கிட்டே இருக்கே? வயித்து வலியா?"

"முட்டையோட பேசுறேன்."

"முட்டையோடயா! அதுக்குக் காது எந்தப் பக்கம் முளைச்சிருக்கு?" என்று செங்கழுத்தி விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சாக்கில் எழுந்து நின்றுகொண்டது.

அன்றைக்கு ஐந்தாம் நாள். இன்னும் பதினாறு நாள் இருந்தது. பதினாறு நாள்! நினைத்தாலே அதற்கு நகமெல்லாம் அரித்தது. அந்த நேரத்தில்தான் குட்டைக்கு அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குஞ்சு வாங்கலையோ, குஞ்சு! கலர் குஞ்சு, பூப் போலக் குஞ்சு! அடை வேண்டாம், காவல் வேண்டாம்! இப்பவே நடக்கும், இப்பவே மேயும்!"

வந்தது பைவாயன் என்னும் குரங்கு. கிடைத்ததையெல்லாம் கன்னத்துப் பையில் அடக்கிக்கொள்வதால் அந்தப் பெயர். இன்றைக்கு அது கன்னம் கொள்ளாத பொருள் ஒன்றைத் தூக்கி வந்தது. பிரம்புக் கூடை, மேலே வலை.

சந்தைக்குப் போன குஞ்சு வியாபாரி ஒருவன் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறான். பைவாயன் கூடையோடு கிளப்பிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு குரங்கு என்ன செய்யும்? முட்டையாக இருந்தால் குடிக்கலாம். இது கத்துகிறது, எச்சம் போடுகிறது. ஆகவே பைவாயன் வியாபாரத்தில் இறங்கியது.

செங்கழுத்தி வலை வழியாக எட்டிப் பார்த்தது. பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. உள்ளே ஐந்து குஞ்சுகள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. ஐந்தாவது நல்ல ரோஸ் நிறம். அப்படி ஒரு நிறத்தில் கோழி பிறந்ததைச் செங்கழுத்தி கேட்டதுகூட இல்லை.

"என்ன விலை?" என்றது.

"உங்ககிட்ட விலை பேசுவேனா தாயி! ஒரு குஞ்சுக்கு ரெண்டு முட்டை. இருபது குஞ்சு இருந்துச்சு. காடை, கௌதாரி எல்லாரும் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. இந்த அஞ்சுதான் மிச்சம்."

"ஏடி, அந்தப் பய பேச்சைக் கேட்காதே!" என்று கொண்டைச்சி குழியிலிருந்து கத்தியது. "அஞ்சு நாள் சூடு வாங்கின முட்டைடி அது! உள்ளே உயிர் ஓட ஆரம்பிச்சிருக்கும்!"

பைவாயன் பணிவாகத் தலையைச் சொறிந்தது. "அந்தத் தாயி சொல்றது நியாயம்தான். ஆனா ஒண்ணு கேட்கிறேன். பதினொண்ணும் பொரிஞ்சிடும்னு யாராவது சத்தியம் பண்ணுவாங்களா? ரெண்டு கூமுட்டையாப் போகும். ஒண்ணைச் சாரைப்பாம்பு கேட்கும். கடைசியிலே மிஞ்சுறது எத்தனையோ! இங்கே பாருங்க, அஞ்சு. கண்ணு முன்னாலே நிக்குது, கத்துது, கொத்துது!"

அது சொன்னதில் பொய் அதிகம் இல்லை. அதுதான் ஆபத்து.

"பதினாறு நாள் மதினி!" என்றது செங்கழுத்தி. "வேணும்னா நீ அந்தக் குழியிலேயே கிட. நான் இன்னைக்கே அம்மா ஆகப் போறேன்!"

பைவாயன் வலையை விலக்கிக் குஞ்சுகளைத் தரையில் இறக்கியது. குழிக்குள் கையை விட்டுப் பத்து முட்டைகளை எடுத்துக் கூடையில் அடுக்கியது. பதினோராவதையும் எடுத்தது.

"அது எதுக்கு?"

"கொசுறு, தாயி!" என்றது பைவாயன். விற்றவன் கொசுறு கேட்டு வாங்கிப் போன வியாபாரம் அந்தக் காட்டில் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை.

செங்கழுத்தி அதையெல்லாம் கவனிக்கவில்லை. அது ஐந்து குஞ்சுகளின் முன்னால் போய், கழுத்தை உயர்த்தி, மார்பை நிமிர்த்தி நின்றது. "வாங்க பிள்ளைகளா! அம்மா பின்னாலே வாங்க. குட்டையைச் சுத்திக் காட்டுறேன்!"

நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. ஐந்தும் நின்ற இடத்திலேயே நின்று, தலையைத் தூக்கி, வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

"என்ன தேடுறீங்க?"

"அம்மாவை" என்றது ரோஸ்.

"நான்தானே அம்மா! இதோ இருக்கேனே!"

ரோஸ் அதை மேலும் கீழும் பார்த்தது. "நீ இல்லே. எங்க அம்மா மேலே தொங்கும். உருண்டையா, மஞ்சளா இருக்கும். கிட்டே போனா சுடும்."

"இறக்கை இருக்குமா?"

"கம்பி இருக்கும்" என்றது நீலம்.

பாவம், அவை பல்புக்குக் கீழே பிறந்த குஞ்சுகள். பெரிய பெட்டிக்குள் ஆயிரம் முட்டையோடு முட்டையாகப் பொரிந்து, கண் திறந்ததும் அவை கண்டது ஒரு குண்டு பல்பைத்தான். ஒரு கோழி கொர் என்று சொல்லி அவை கேட்டதே இல்லை. இதெல்லாம் செங்கழுத்திக்கு எப்படித் தெரியும்? "நாளைக்குப் பழகிடும்" என்று சொல்லிக்கொண்டு அது கரையான் தேடப் போனது. ஐந்து நாளாக அடங்கிக் கிடந்த கால்கள் அல்லவா! ஆசை தீரக் கிளறியது.

அது திரும்பி வந்தபோது புதருக்குள் குஞ்சுகள் இல்லை. குட்டைக்கரையில், திறந்த வெளியில், ஒரு வட்டப்பாறை உண்டு. வெயில் முழுதும் அதில்தான் விழும். ஐந்தும் அந்தப் பாறைமேல் ஏறி, சூரியனைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அம்மா இங்கேதான் இருக்கு!" என்றது மஞ்சள் சந்தோஷமாக. "ரொம்ப உசரத்திலே மாட்டிட்டாங்க!"

செங்கழுத்தி அவற்றை விரட்டி விரட்டிப் புதருக்குள் கொண்டுவந்தது. அந்தி சாய்கிற வரைக்கும் அதே வேலைதான். ஒன்றை உள்ளே தள்ளினால் இரண்டு வெளியே ஓடின.

மறுநாள் காலை. வெயில் வந்ததும் ஐந்தும் மறுபடி பாறைக்குப் போய்விட்டன. செங்கழுத்தி புதரோரம் கிளறிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு நிழல் ஓடியது.

பருந்து!

எந்தக் கோழிக்கும் அந்தக் குரலை யாரும் சொல்லித் தர வேண்டாம். செங்கழுத்தியின் தொண்டையிலிருந்து அது தானாகவே கிழித்துக்கொண்டு வந்தது. அந்தக் குரல் கேட்டால் கோழிக்குஞ்சு தாயின் இறக்கைக்குள் ஓடும், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்ளும். பாறைமேல் இருந்த ஐந்தும் என்ன செய்தன தெரியுமா? யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தன.

"ஓடி வாங்க! ஓடி வாங்க!"

ஒன்றும் ஓடி வரவில்லை. பருந்து இறங்கி ஏறியது. பாறைமேல் இப்போது நாலு குஞ்சுகள்தாம் இருந்தன. மஞ்சளைக் காணோம்.

செங்கழுத்தி மிச்ச நாலையும் கொத்தி, தள்ளி, புதருக்குள் அடைத்தது. கால் தரையில் பாவாமல் குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அக்கரையில் ஓர் அரசமரம். அதன் கிளையில் பைவாயன் வயிறு புடைக்கப் படுத்திருந்தது.

"ஏலேய் பைவாயா! செவிட்டுக் குஞ்சை வித்து என்னை ஏமாத்திட்டியே! கத்துறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது. ஒண்ணைப் பருந்து கொண்டுபோயிடுச்சு! உன் குஞ்சை நீயே வச்சுக்கோ. என் முட்டையைக் குடு!"

பைவாயன் கீழே கையைக் காட்டியது. மரத்தடியில் ஓடுகள் கிடந்தன. பாதி பாதியாக உடைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. செங்கழுத்திக்குத் தெரிந்த ஓடுகள்தாம். அதில் ஒன்றின் நுனியில் பழுப்புப் புள்ளி இருக்கும். முதல் நாள் இட்டது அது. அந்தப் புள்ளியும் அங்கே கிடந்தது.

அடையில் இருந்தபோது ஒரு தடவைகூட அந்த முட்டைகளை அது பிள்ளைகள் என்று நினைத்ததில்லை. இப்போது நினைத்தது.

"கோவிச்சுக்காதீங்க தாயி" என்றது பைவாயன். "நான் உங்களுக்குக் குஞ்சுதான் வித்தேன். பிள்ளை வித்ததா யாரு சொன்னா? குஞ்சு நடக்கும்னேன், நடந்துச்சு. மேயும்னேன், மேஞ்சுச்சு. கூப்பிட்டா வரும்னு நான் சொன்னேனா?"

சொல்லவில்லை. செங்கழுத்தி வந்த வழியே திரும்பியது.

வழியிலேயே வானம் கறுத்தது. குட்டையை அரைச்சுற்று வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதுவும் சாதாரண மழை அல்ல. கண்ணைத் திறக்க விடாத மழை. செங்கழுத்தி தொப்பலாக நனைந்து புதருக்கு வந்து சேர்ந்தது.

நாலு குஞ்சும் புதருக்கு வெளியே நின்றன. சூரியன் எங்கே போயிற்று என்று தேடி வந்திருக்கின்றன. சாயம் கரைந்து அவற்றின் காலடியில் ஓடியது. ரோஸும் பச்சையும் ஆரஞ்சும் நீலமும் ஒன்றாய்க் கலந்து சேறாகிப் போயின. எல்லாம் ஒரே மாதிரி வெளுத்து, ஒடுங்கி, கட்டைவிரல் அளவுக்கு ஆகிவிட்டன.

"அம்மா அணைஞ்சு போச்சு" என்றது ரோஸ்.

நீலம் ஏற்கெனவே படுத்துவிட்டது. செங்கழுத்தி அலகால் புரட்டிப் பார்த்தது. அது எழுந்திருக்கவில்லை.

"கத்தாதேடி, ஓடாதே!" என்று கொண்டைச்சி தன் குழியிலிருந்து கூவியது. ஒரு சொட்டு முட்டைமேல் விழாதபடி அது குடை மாதிரி விரிந்து உட்கார்ந்திருந்தது. "துரத்துனா அதுங்க இன்னும் பயப்படும். உன் குழியிலே போய் உட்காரு. உடம்பிலே சூடு இருக்குல்ல? அதைக் காட்டு!"

"அதுங்க வராது மதினி! என் குரலே அதுங்களுக்குத் தெரியாது!"

"குரல்தான் தெரியாது. சூடு தெரியும்ல?"

செங்கழுத்தி தன் குழிக்குள் போய் உட்கார்ந்தது. காலியான குழி. இறக்கையைத் தூக்கி விரித்தது. வாயை மூடிக்கொண்டது. இருந்தது.

அப்படி இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியாது. கால் துடித்தது. கழுத்து துடித்தது. ஓடிப்போய் மூன்றையும் கொத்தி இழுத்து வரலாமா என்று உடம்பெல்லாம் பறந்தது. அந்த நேரம் பார்த்து மழை விட்டது. ஈரமண்ணிலிருந்து ஈசல் புறப்பட்டது! ஒன்று, பத்து, ஆயிரம்! வெள்ளைவாலன் எங்கிருந்தோ ஓடி வந்து, "வாங்க வாங்க! அள்ளி அள்ளித் தின்னலாம்!" என்று குதித்தது. ஓர் ஈசல் செங்கழுத்தியின் அலகின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் விருந்து. செங்கழுத்தி அசையவில்லை. ஈசல் நடந்து அதன் கண்ணோரம் வரை போயிற்று. அப்போதும் அசையவில்லை.

முதலில் வந்தது பச்சை. நடுங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தது. மார்பில் இடித்தது. சூடு பட்டதும் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆரஞ்சு வந்தது. ரோஸ் மட்டும் வெளியே நின்று கறுத்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் குளிர் தாங்காமல் அதுவும் வந்தது. உள்ளே முழுதாய் வரவில்லை. பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டது.

"கொர்…" என்றது செங்கழுத்தி மெல்ல. சொல்லும்போது அதற்கே வெட்கமாக இருந்தது. "கொர்… கொர்…"

பக்கத்துக் குழியில் கொண்டைச்சி அதைக் கேட்டது. மதினி என்றால் குத்திக் காட்ட ஆயிரம் வார்த்தை இருக்கும். ஆனால் அது தன் முட்டைகளைப் பார்த்துக் "கொர்…" என்றது.

அன்று தொடங்கிய மழை நாளுக்கு இரண்டு வேளை, மூன்று வேளை என்று பெய்துகொண்டே இருந்தது. இடைவெளியில் செங்கழுத்தி குஞ்சுகளை மேய்த்தது. மழை வந்தால் உட்கார்ந்தது. குளிர் வந்தால் உட்கார்ந்தது. எத்தனை தடவை உட்கார்ந்ததோ, அத்தனை தடவையும் எழுந்து ஓட வேண்டும் போலவே இருந்தது. ஆசை போகவில்லை. ஆனாலும் உட்கார்ந்தது. பச்சையும் ஆரஞ்சும் மெல்லக் குரலுக்குப் பழகின. கூப்பிட்டால் தலையைத் திருப்பின. பிறகு இரண்டு எட்டு வைத்தன. பிறகு ஓடி வந்தன. ரோஸ் மட்டும் பிடி கொடுக்கவில்லை. மழைக்கு ஒதுங்குகிற வழிப்போக்கன் மாதிரி வந்தது, போனது. எந்நேரமும் அதற்கு வானத்தில்தான் கண்.

"அம்மா திரும்ப வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

செங்கழுத்தி என்ன பதில் சொல்லும்? "வந்தா வரட்டும். இப்போ உள்ளே வா!" என்னும்.

இருபத்தோராம் நாள் கொண்டைச்சியின் முட்டைகள் பொரிந்தன. ஒன்பதில் ஆறுதான் பொரிந்தன. இரண்டு கூமுட்டை. ஒன்று ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கொண்டைச்சி அந்த மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஆறையும் அழைத்துக்கொண்டு எழுந்தது. அது ஒரு "கொர்" சொன்னதுதான் தாமதம், ஆறு குஞ்சும் நூல் பிடித்த மாதிரி பின்னால் போயின. பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை!

செங்கழுத்திக்குப் பொறாமை பொங்கியது. "இதுங்களை வாங்கியும் பதினாறு நாள் ஆச்சு மதினி. எவ்வளவு உட்கார்ந்தும் ரோஸு இன்னும் என்னை அம்மான்னு சொல்லலை."

"முட்டைக்குள்ளே கேட்க வேண்டியதை அது வெளியே வந்து கேட்குது. நாள் பிடிக்கும்டி" என்றது கொண்டைச்சி.

மறுநாள் மழை முழுதாக விட்டது. மேகம் பிரிந்தது. பதினாறு நாளாகச் சரியாக முகம் காட்டாத சூரியன் பளீரென்று வந்தது.

"அம்மா!"

ரோஸ் கத்திய கத்தலில் தவளைகள் குட்டைக்குள் குதித்தன. செங்கழுத்தி திரும்புவதற்குள் அது வட்டப்பாறையை நோக்கி ஓட்டம் பிடித்தது. முளைத்தும் முளைக்காத இறக்கையை அடித்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. சூரியனைப் பார்த்துக் கழுத்தை நீட்டி நின்றது.

அந்தச் சூரியனுக்குள்ளிருந்துதான் பருந்து வந்தது. புதிய குஞ்சுகளின் கூச்சல் அதற்கும் கேட்டிருந்தது.

செங்கழுத்தி குரல் கொடுத்தது. கொண்டைச்சியும் கொடுத்தது. ஆறு குஞ்சுகள் கொண்டைச்சியிடம் ஓடின. பச்சையும் ஆரஞ்சும் செங்கழுத்தியிடம் ஓடி வந்தன! நினைத்து நினைத்து ஏங்கிய காட்சி. அதை நின்று பார்க்கத்தான் நேரம் இல்லை. ரோஸ் குரலைக் கேட்டது. இந்தத் தடவை திரும்பியும் பார்த்தது. ஆனால் கால் நகரவில்லை. அதற்கு மேலே அம்மா, கீழேயும் ஒருத்தி கூப்பிடுகிறாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அது பாறைமேல் நின்றுவிட்டது.

"இதுங்களை என்கிட்டே விடு!" என்று கொண்டைச்சி ஓர் இறக்கையைத் தூக்கியது. பச்சையும் ஆரஞ்சும் அதற்குள் போயின.

செங்கழுத்தி ஓடியது. அந்தக் காட்டில் வேறு எந்தக் கோழிக்கும் அவ்வளவு வேகமான கால் கிடையாது. திறந்த வெளியில், மேலே பருந்து இருக்க, பாறைமேல் ஏறியது. ரோஸைத் தூக்கிக்கொண்டு ஓடக் கோழிக்குக் கை இல்லை. விரட்டிக்கொண்டு போக நேரம் இல்லை. செய்வதற்கு ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அது ரோஸின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தது.

இலை அசைந்தால் எழுந்த கோழி! தவளைக்கு எழுந்த கோழி! பருந்தின் நகம் முதுகில் இறங்கியபோது அது எழவில்லை. முதல் தடவை முதுகுச் சிறகு பிய்ந்து பறந்தது. செங்கழுத்தி பாறையோடு அழுந்தி உட்கார்ந்தது. இரண்டாம் தடவை தோலே கிழிந்தது. வலியில் உயிரே போவது போல இருந்தது. ஓடு ஓடு என்று கால் இரண்டும் கெஞ்சின. அது காலை மடக்கிக்கொண்டு, வயிற்றை வைத்து, "கொர்… கொர்…" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் தடவை பருந்து இறங்கும்போது வெள்ளைவாலன் எகிறி வந்தது. அன்றைக்குத்தான் அது கூவுவதைத் தவிர வேறொரு வேலை செய்தது. காலில் முளைத்த முள்ளால் பருந்தின் நெஞ்சில் ஓர் அடி! கொண்டைச்சி புதருக்குள்ளிருந்து கத்திய கத்தல் வேறு. பருந்துக்கு அலுத்துவிட்டது. இரண்டு வட்டம் போட்டுவிட்டு அக்கரைப் பக்கம் போய்விட்டது.

பாறை அமைதியாயிற்று. இறக்கைக்கு அடியில் ஏதோ நெளிந்தது.

"இங்கே இருட்டா இருக்கு" என்றது ரோஸ் உள்ளிருந்து.

"ஆமா."

"ஆனா சூடா இருக்கு."

"ஆமா."

ரோஸ் இன்னும் ஒட்டிக்கொண்டது. பிறகு சின்னக் குரலில் கேட்டது. "நீயும் அணைஞ்சு போயிடுவியா?"

"மாட்டேன்."

"எழுந்து போயிடுவியா?"

"மாட்டேன்டா. தூங்கு."

"சரிம்மா" என்றது ரோஸ்.

வெள்ளைவாலன் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து தன் வீரத்தைக் கூவிக்கொண்டிருந்தது. கொண்டைச்சி எட்டுக் குஞ்சுகளோடு ஓடி வந்தது. செங்கழுத்தியின் முதுகைப் பார்த்து அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"பருந்து போயிடுச்சுடி! ரத்தம் வடியுது பாரு. எழுந்து வா, நிழலுக்குப் போகலாம்!"

செங்கழுத்தி தலையை மட்டும் திருப்பியது.

"சத்தம் போடாதே மதினி. ரோஸு இப்பத்தான் தூங்குது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

சொந்த முட்டையில் பொரிந்தாலும் சரி, விலை கொடுத்து வாங்கினாலும் சரி, பொறுத்து உட்கார்ந்து சூடு கொடுத்தால்தான் குஞ்சு பிள்ளையாகும்; அந்தப் பொறுமையை எந்தக் கூடையிலும் வாங்க முடியாது.